அமைதிப் பள்ளத்தாக்கு கற்பிக்கும் பாடம்

மாலையில் வீட்டு விளக்கை ஏற்றும்போது, அந்த ஒளி எங்கிருந்து வருகின்றது என மீஞ்சூர்வாசிகளாகிய நாம் பிறரைக் கேட்க வேண்டியதில்லை. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் நம் கண்ணெதிரே நிற்கின்றன. மின்சாரம் வேண்டாமென்று நம்மில் எவரும் சொல்லார். நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிவதும் ஆலைச் சம்பளத்தால் அன்றோ? ஆயினும், ஒன்றைப் பெறும் முன் எதை இழப்போம் என எண்ணிப் பார்த்த மக்களின் வரலாறு ஒன்று உண்டு.

நீலகிரி மலைகளின் தென்மேற்கே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது அமைதிப் பள்ளத்தாக்கு. காட்டில் இடைவிடாது ஒலிக்கும் சில்வண்டின் ஓசை அங்கே கேட்காததால் இப்பெயர் வந்தது என்பர். அதன் நடுவே குந்திப்புழை ஆறு ஓடுகின்றது. 1973இல் அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு மத்தியத் திட்டக்குழு இசைவு அளித்தது. அணை எழுந்திருந்தால், ஏறத்தாழ 830 ஹெக்டேர் பசுமைமாறாக் காடு நீரில் மூழ்கியிருக்கும்.

அக்காட்டில் வாழ்வது சோலைமந்தி. கரிய உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல்நிறப் பிடரி, வால்நுனியில் குஞ்சம். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. வெடிப்பலா போன்ற மரங்களின் பழங்களையும் விதைகளையும் உண்டு, பெரும்பாலும் மர உச்சிகளிலேயே காலம் கழிக்கும். காடு துண்டுபட்டால் அதன் கூட்டமும் துண்டுபடும்.

"குரங்கு பெரிதா, மனிதன் பெரியவனா?" என்று அன்று பலர் கேட்டனர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. அணையால் வரும் மின்சாரம் எவ்வளவு, அதை வேறு வழியில் பெற இயலுமா என ஆராய்ந்து, 1979இல் அறிக்கை வெளியிட்டது. பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார், கவிஞர் சுகதகுமாரி பாடினார், பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் குரல் கொடுத்தார். எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தபின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சோலைமந்தி இன்றும் அங்கே வாழ்கின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். வீடு மந்திரிக்கச் செல்லும்போது, உப்பேறிப் பயனற்றுக் கிடக்கும் கிணறுகளைக் காண்கிறோம். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தின் நிலத்தடி நீர் சென்னை நகரின் தாகத்தையே தணித்தது. நகருக்காகவும் வயலுக்காகவும் அளவின்றி இறைத்தோம். இனிய நீர் கீழிறங்க, கடல்நீர் நிலத்துள் புகுந்தது. 1969ஆம் ஆண்டிலேயே இது கண்டறியப்பட்டும் இறைப்பு நிற்கவில்லை. 2010இல் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுடையது. மண் விலையின்றி ஈந்ததை இன்று மின்சாரம் செலவழித்துப் பெறுகிறோம்!

இங்கு எவரும் தீங்கு எண்ணவில்லை. ஆனால், இழப்பை முன்னதாக எடைபோட எவரும் அமரவில்லை. பள்ளத்தாக்கிற்கும் நம் கிணற்றிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்று நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றிற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்கப்பட வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். "பேசினால் பிள்ளைக்கு வேலை கிடைக்காதோ" என்ற அச்சத்தால் பெற்றோர் பலர் அங்கே செல்லத் தயங்குவதை நாம் அறிவோம். அந்த அச்சம் பொய்யென்று சொல்லோம். ஆகவேதான் தனியே செல்லாது, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செல்வோம். சுருக்கத்தை முன்னதாகப் படித்து மூன்றே கேள்விகள் கேட்போம்: கிடைப்பது என்ன? இழப்பது என்ன? வேறு வழி உண்டா?

உப்பான கிணறு எளிதில் இனிப்பதில்லை. உப்பாகும் முன் வாய்திறப்பதே நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமை.