கம்பி வளைப்பவர் கையிலுள்ள தாள்

பூமி பூஜை முதல் புதுமனை புகுவிழா வரை – 8

புனே மாநகராட்சியின் முத்திரை விழுந்த அனுமதி வரைபடத்தோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். வேலையைத் தொடங்கலாம் என்ற சான்றிதழும் வந்துவிட்டது. மனைக்காரர் நாள் பார்க்கிறார், கான்ட்ராக்டர் ஜேசிபியை வரச் சொல்கிறார். வரைபட வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும் இந்த நேரத்தில்தான் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நெடிய உழைப்பு தொடங்குகிறது. வொர்க்கிங் டிராயிங் எனப்படும் கட்டுமான வரைபடங்கள், பொருள்களின் தர விவரங்கள், அளவுப்பட்டியல் மூன்றும் உருவாகும் கட்டம் இது. ஒரு கட்டடம் ஒழுங்காக எழுமா என்பது பெரும்பாலும் இந்தச் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

அனுமதி வரைபடம் மாநகராட்சியின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. மும்பை உள்ளிட்ட சில பகுதிகள் நீங்கலாக மகாராஷ்டிரம் முழுவதற்கும் 2020 டிசம்பரில் ஒரே தொகுப்பாகக் கட்டட விதிகள் வந்தன. எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டுகிறீர்கள், மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லும் எஃப்.எஸ்.ஐ. எவ்வளவு, உயரம் என்ன, படிக்கட்டின் அகலம் போதுமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று அந்த விதிகள் கேட்கின்றன. குளியலறைத் தரையை எத்தனை மில்லிமீட்டர் இறக்க வேண்டும், ஜன்னல் சட்டம் சுவரில் எங்கே உட்கார வேண்டும், மழைநீர்க் குழாய் எந்தத் தூணை ஒட்டி இறங்க வேண்டும் என்று அவை கேட்பதில்லை. மேஸ்திரி கேட்பார். அவருடைய கேள்விக்கான பதில்தான் வொர்க்கிங் டிராயிங்.

ஓர் உதாரணத்தை விரிவாகப் பார்ப்போம். புனே நிலநடுக்க மண்டலங்களில் மூன்றாவது மண்டலத்தில் இருப்பதாகக் கொண்டே இங்குள்ள கட்டடங்கள் வடிவமைக்கப்பட்டு வந்திருக்கின்றன. 1967 டிசம்பர் 11 அன்று கொய்னாவைத் தாக்கிய நிலநடுக்கத்தை மேற்கு மகாராஷ்டிரம் மறக்கவில்லை. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி வளையம் வளையமாகக் கட்டும் சிறு கம்பிகளை, அவற்றின் முனை 135 டிகிரிக்கு மடங்கித் தூணின் உட்பகுதிக்குள் போகும்படி வளைக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரவிதி. வெறும் 90 டிகிரி மடக்கினால், நிலம் ஆடும்போது வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் திறந்துகொள்ளும். அதன் பிறகு நெடுங்கம்பிகளைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை.

இந்த மடக்கைச் செய்பவர் யார்? பீகாரிலிருந்தோ மராத்வாடாவிலிருந்தோ வந்து, தளத்து மேசையில் நாள் முழுக்கக் கம்பி வளைக்கும் ஒருவர். அவர் தரவிதியைப் படித்தவரல்ல. படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. 90 டிகிரி வளைப்பது கைக்கு எளிது, வேலையும் வேகமாக நடக்கும். 135 என்று பெரிதாக, படத்தோடு, கொக்கியின் நீளத்தோடு வரைந்து கொடுத்தால் அவர் அப்படியே வளைப்பார். 'தரவிதிப்படி செய்க' என்று தாளின் மூலையில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது பொறுப்பைக் கைகழுவுவது. மராத்தி, இந்தி, வங்காளம் என்று பல மொழிகள் புழங்கும் தளத்தில் எல்லோருக்கும் பொதுவானது கோடும் எண்ணும்தான்.

இனி இந்தக் கட்டத்தை நிர்வகிப்பது பற்றி. ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மின்சாரம், பிளம்பிங், தீயணைப்பு, லிஃப்ட் என ஒவ்வொருவரும் தனித்தனியே வரைகிறார்கள். நடுத்தர அடுக்ககம் ஒன்றுக்கே தாள்கள் எளிதில் நூறைத் தாண்டும். ஆர்க்கிடெக்ட் தாளில் கழிவறை ஸ்லாப் 300 மி.மீ. இறங்கியிருக்கும், ஸ்ட்ரக்சுரல் தாளில் 150 மி.மீ. தான் இருக்கும். கழிவுக் குழாய் போகும் வழியில் ஒரு பீம் குறுக்கே நிற்கும். ஒரே கல்யாணத்துக்கு நாலு வீட்டார் நாலு முகூர்த்த நேரம் போட்டுப் பத்திரிகை அடித்தது போலத்தான் இது. தாளில் இந்த மோதலைத் தீர்க்க ஒரு பிற்பகல் போதும். கான்கிரீட் இறுகிய பிறகு தெரிந்தால், பீமில் துளை போடும் டிரில் சத்தம்தான் கேட்கும்.

இதைத் தடுக்கும் முறைகள் எளியவை. அவற்றைச் சலிக்காமல் கடைப்பிடிப்பதுதான் கடினம். முதல் கோடு போடுவதற்கு முன்பே, வரவேண்டிய எல்லாத் தாள்களின் பட்டியலும் வேண்டும். எந்தத் தாள் யாருடையது, எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்க வேண்டும். தூண்களின் கிரிட் கோடுகளும் தள மட்டங்களும் ஒரு நாளோடு உறைய வேண்டும். அதற்குப் பின் அவற்றை மாற்ற எல்லோருடைய ஒப்புதலும் தேவை. வாரம் ஒருமுறை எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் ஒருவர் தாளின் மீது மற்றவர் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். எழுதிய அளவே செல்லும், ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து வேலை செய்யக் கூடாது என்பது ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ரிவிஷன். ஒரு தாள் மாறினால் அதன் ரிவிஷன் எண் கூட வேண்டும். மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல வளைகோடு போட வேண்டும். புதிய தாள் தளத்துக்குப் போகும்போது பழைய தாள் திரும்பி வர வேண்டும், அல்லது 'ரத்து' முத்திரை பெற வேண்டும். 'கட்டுமானத்துக்கு உகந்தது' என்ற முத்திரை இல்லாத தாளில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து ஸ்லாப் போடும் பழக்கம் இன்று எல்லா ஊரிலும் பரவியிருக்கிறது. அந்தப் படத்துக்கு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, பொறுப்பேற்க ஆளும் இல்லை.

தீவிரமான முன்யோசனையைக் கோரும் ஒரு கட்டடம் புனேயிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில், ஜயந்த் நார்லிகர் நிறுவன இயக்குநராக இருக்க, 1988-இல் தொடங்கப்பட்டது ஐயூகா என்ற வானியல், வானியற்பியல் மையம். அதை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. நடு முற்றத்தின் படிகளையும் கருங்கல் சுவர்களையும், ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் சிலைகளையும் பார்க்கப் போகிறவர்கள் அங்கிருக்கும் ஃபூக்கோ ஊசலையும் கவனிக்க வேண்டும். பூமி சுழல்வதைக் கண்ணெதிரே காட்டும் கருவி அது. துருவத்தில் அது வீசி ஆடும் தளம் ஒரு நாளில் முழுச்சுற்று திரும்பும். புனேயின் அட்சரேகையில் அதற்குச் சுமார் 75 மணி நேரம் ஆகும். இத்தகைய ஊசலுக்கு அசையாத தொங்குபுள்ளி, தடையில்லாத உயரம், கீழே அது வீசி ஆட இடம் எல்லாம் வேண்டும். விஞ்ஞானியின் ஆசை, ஆர்க்கிடெக்டின் வெளி, இன்ஜினியரின் பீம் மூன்றும் ஒரே தாளில் சந்திக்காமல் அது அமையாது. கூரை போட்ட பிறகு யோசிக்கும் விஷயமல்ல அது.

சட்டமும் இப்போது இந்தத் தாள்களுக்குக் கனம் சேர்த்திருக்கிறது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, அனுமதி பெற்ற திட்டத்தை மாற்ற விரும்பும் கட்டுநர், வாங்கியவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும். அவரவர் வீட்டுக்குள் செய்யும் மாற்றத்துக்கு அந்த வீட்டை வாங்கியவர் சம்மதிக்க வேண்டும். கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்தாண்டு வரை சரிசெய்து தரும் பொறுப்பும் கட்டுநருக்கு உண்டு. குறை யாரால் வந்தது என்று தேடும்போது முதலில் புரட்டப்படுவது ரிவிஷன் எண்ணுள்ள தாள்கள்தான். வீடு வாங்கும் வாசகர்கள், மகாராஷ்டிரத்தின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் இணையதளத்தில் தங்கள் திட்டத்தின் அனுமதி ஆவணங்களைத் திறந்து, விற்பனை அலுவலகத்தில் காட்டிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தாள் காக்க வேண்டியது வாங்குபவரை மட்டுமல்ல, கட்டுபவரையும்தான். 2016 ஜூலை 29 அன்று புனேயின் பாலேவாடியில், கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்ககத்தின் மேல்தளத்தில் ஸ்லாப் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை இங்கே ஆராயவில்லை. ஆனால் உயரத்தில் நிற்பவரின் உயிர் முட்டுக்கால், பலகை, கம்பி, கான்கிரீட் எல்லாவற்றையும் நம்பியிருக்கிறது. ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங்குக்கும் கணக்குப் போட்ட வரைபடம் வேண்டும் என்று வற்புறுத்துவது ஆடம்பரமல்ல. பல இடங்களில் அது இன்னும் கைப்பழக்கத்துக்கே விடப்படுகிறது.

முதலீட்டாளரின் வட்டி ஓடுகிறது, மழைக்காலத்துக்குள் அஸ்திவாரம் முடிய வேண்டும். அந்த அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது இந்த மாதங்கள்தான். 'வரைந்துகொண்டே கட்டலாம்' என்கிறார்கள். அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் அதைச் சொன்னவர்கள் அல்ல. உடைத்துக் கட்டும் தொழிலாளியும், ஒழுகும் சுவரோடு வாழும் குடும்பமும்தான் கொடுக்கிறார்கள். வரைவதற்குரிய காலத்தையும் அதற்குரிய கட்டணத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் காப்பது மனைக்காரரின் கடமை. தாள் முழுமையாகாமல் முத்திரை வைக்க மறுப்பது ஆர்க்கிடெக்டின் கடமை.

தாள்கள் தயாரான பின், அதே தாள்களிலிருந்து அளவுப்பட்டியல் எடுத்து டெண்டர் விட வேண்டும். ஏழு கான்ட்ராக்டர்கள் ஏழு விலை சொன்னால் எதை நம்புவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)