படுவான்கரையில் தெரிந்த பிழை

“சேர், பேர் கிடைக்கும் எண்டு பச்சையில காட்டுது. பதியப் போனா ஏலாது எண்டுது.”

போனில் பேசியவள் படுவான்கரை மாணவி ஒருத்தி. எங்கள் விடுமுறைக் கணினி வகுப்புக்கான பதிவுப் படிவத்தில் ‘நிலா’ என்ற பயனர் பெயரை அடித்திருக்கிறாள். அந்தப் படிவத்தை எழுதியவன் நான். உடனே என் மடிக்கணினியில் அதே பெயரை அடித்துப் பார்த்தேன். ‘இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுள்ளது’ என்று சிவப்பில் சரியாகவே வந்தது. பத்து முறை அடித்தேன். பத்து முறையும் சிவப்பு.

மட்டக்களப்பு வாவியில் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நான் இருந்தது கல்லடியில், நல்ல ஃபைபர் இணைப்போடு. அவள் இருந்தது வாவிக்கு அப்பால், சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருக்கும் வயலோரக் கிராமத்தில். பிழை இரண்டு கரையிலும் இருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது அங்கே மட்டும்தான்.

பெயரை அடிக்கும்போதே அது கிடைக்குமா என்று சொல்லும் வசதி இன்று பல தளங்களில் உண்டு. பக்கம் அப்படியே இருக்க, பின்னணியில் சர்வரோடு பேசும் வழியை 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கொண்டுவந்தது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்வி சர்வருக்குப் போகும், ஒரு பதில் திரும்பி வரும். பிழை ஒளிந்திருந்தது இந்தப் போக்குவரத்தில்தான்.

அவள் ‘நில’ என்று அடித்ததும் ஒரு கேள்வி போனது. ‘நிலா’ என்று முடித்ததும் இன்னொன்று போனது. முதல் பெயரை யாரும் எடுக்கவில்லை, இரண்டாவது பெயரை எடுத்துவிட்டார்கள். நல்ல இணைப்பில் பதில்கள் பெரும்பாலும் கேட்ட வரிசையிலேயே வரும். சிக்னல் தடுமாறும் இடத்தில் அப்படி வராது. வாவியில் முன்னால் புறப்பட்ட தோணி காற்றில் அகப்பட்டுப் பின்னால் வந்து சேர்வதுபோல, ‘நில’வுக்கான பச்சைப் பதில் தாமதமாக வந்து, ‘நிலா’வுக்கு ஏற்கெனவே வந்திருந்த சிவப்பை அழித்துவிட்டது. வந்த பதில் எந்தப் பெயருக்கு உரியது என்று என் நிரல் பார்க்கவேயில்லை.

குரோம் உலாவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, இணைப்பின் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து, சர்வர் ஒரு கேள்விக்கு மட்டும் தாமதமாகப் பதில் சொல்லும்படி வைத்தேன். அதே பச்சை என் திரையிலும் வந்தது. பிழையை நம் கையால் ஒருமுறை வரவழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருத்தம் சிறியது. அடிப்பது நின்று 300 மில்லிசெகண்ட் கழிந்த பிறகே கேள்வி போகும். புதிய கேள்வி புறப்படும்போது பழையது ரத்தாகும். பதில் வந்ததும், அது இப்போது பெட்டியில் இருக்கும் பெயருக்குரியதுதானா என்று நிரல் ஒப்பிட்டுப் பார்க்கும். இவற்றில் கடைசியானதுதான் உயிர்நாடி. முதல் இரண்டும் நெரிசலைக் குறைக்கும், கடைசியானதுதான் பொய்யை முழுமையாகத் தடுக்கும்.

இன்னொரு தவறும் அப்போது அகப்பட்டது. இணைப்பு அறுந்து பதிலே வராதபோதும் என் படிவம் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. ‘இருக்கிறது’, ‘இல்லை’ இரண்டோடு ‘இன்னும் தெரியவில்லை’ என்ற மூன்றாவது நிலையும் ஒரு படிவத்துக்கு வேண்டும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ‘கௌரி’ என்ற பெயரை இரண்டு மாணவிகள் பதிந்திருந்தார்கள், இரண்டையும் என் நிரல் ஏற்றுக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் ஒருத்தி ஔகாரக் குறியோடு ‘கௌரி’ என்று அடித்திருந்தாள். மற்றவள் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகக் ‘கெளரி’ என்று அடித்திருந்தாள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியையும் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரண்டாகவோ யூனிகோடில் எழுத முடியும். இந்த ஒகரச் சிக்கலை ‘என்எஃப்சி’ என்ற சீராக்க முறை தீர்த்துவிடும். ளகரச் சிக்கலை அது தொடாது. எல்லா ‘கெள’வையும் ‘கௌ’வாக மாற்றவும் முடியாது, வாவியில் பிடிபடும் கெளுத்தியின் பெயர் கெட்டுவிடும். அதனால் மாணவி அடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் விதியை எழுதினேன்.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2013இல் ஸ்பாட்டிஃபை நிறுவனமே இப்படிப்பட்ட ஓட்டையில் சிக்கியது. யூனிகோடின் மேலெழுத்து வடிவங்களில் ‘பிக்பேர்ட்’ என்று ஒருவர் பதிவு செய்தால், அதைச் சீராக்கும் நிரல் முதல் முறை பெரிய எழுத்துகளாகவும், இரண்டாம் முறை சின்ன எழுத்துகளாகவும் மாற்றியது. பதிவின்போது புதுப் பெயராகத் தெரிந்தது, கடவுச்சொல்லை மாற்றும்போது இன்னொருவரின் பெயராக ஆகிவிட்டது. அப்படி அடுத்தவரின் கணக்கையே கைப்பற்ற முடிந்தது. ஒரு முறை சீராக்கினாலும் இரு முறை சீராக்கினாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

2010 முதல் ‘.இலங்கை’ என்று முடியும் தமிழ் இணைய முகவரிகள் நமக்கு உண்டு. நம் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்திலேயே அடிக்கும் காலம் இது. அந்தப் பெயரைப் பிழையில்லாமல் காப்பது நிரல் எழுதும் நம் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. திரையில் வரும் பச்சை ஒரு முன்தகவல் மட்டுமே. இருவர் ஒரே நொடியில் ஒரே பெயரைக் கேட்டால் இருவருக்கும் பச்சை வரும். பெயர் யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டியது தரவுத்தளம். ஒரே பெயர் இரு முறை பதியாதபடி அங்கே தனித்துவக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அது மறுக்கும்போது, நிரப்பிய மற்ற விவரங்கள் அழியாமல், வேறு பெயர் கேட்கும் பணிவு படிவத்துக்கு வேண்டும். மின்னஞ்சல் முகவரிக்கு இந்த உடனடிச் சோதனையே வேண்டாம். யார் யாருக்குக் கணக்கு உண்டு என்று அந்நியர் துருவிப் பார்க்க அது வழிவிடும்.

திருத்திய படிவத்தைச் சோதிக்க, குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்னும் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் போனேன். மலிவான போன் ஒன்றில் ‘நிலா’ என்று அடித்தேன். சிறிது நேரம் ‘பார்க்கிறோம்’ என்று காட்டிவிட்டுச் சிவப்பு வந்தது. அது மாறாமல் நின்றது.

கிழக்கில் நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்: உங்கள் மேசையில் சரியாக ஓடுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒப்படைக்கும் முன் ஒருநாள் வாவியைக் கடந்து, சிக்னல் குறைந்த கரையில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகளின் போனிலேயே அடித்துப் பாருங்கள்.