கொடியால் முடைந்த கூடை

நெசவாளரும் விவசாயியும் ஒருங்கே படிக்கும் இவ்வேட்டில், கிரேக்க நாட்டைச் சேர்ந்த சாந்தோரினித் தீவைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே திராட்சை பயிரிடுவோர் உழவரும் ஆவர், முடைவோரும் ஆவர். அவர்கள் ஆக்கும் வெண் திராட்சை மது உலகச் சந்தையில் பெயர் பெற்றது. மதுவின் நன்மை தீமை பற்றிய வாதம் இங்கு வேண்டுவதன்று. குறைந்த மகசூல் தரும் பழங்கொடிகளைக் கொண்டு ஒரு குடும்பம் எவ்வாறு பிழைக்கிறது, அப்பிழைப்புக்கு எதனால் ஆபத்து நேர்கிறது என்பதே நாம் அறியத்தக்கது.

சாந்தோரினி ஓர் எரிமலைத் தீவு. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் சாம்பலும் நுரைக்கல்லும் தீவின்மீது கனத்த படுகையாய் விழுந்தன. அம்மண்ணில் களிமண் இல்லை எனலாம். இக்குறையே பின்னர் பெரும் நன்மையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. மற்ற இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே பயிரை மீட்டனர். சாந்தோரினி மண்ணில் அப்பூச்சி பிழைக்க இயலவில்லை. ஆகவே அங்குள்ள கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பந்தலின்மேல் படரும் திராட்சையையே கண்டு பழகிய நமக்கு, அத்தீவின் தோட்டம் வியப்பளிக்கும். அங்கே கடற்காற்று கடுமையாக வீசும். மழையோ மிகக் குறைவு. ஆகையால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொடியைக் கவாத்து செய்து, எஞ்சிய கிளைகளை வட்டமாக வளைத்து, தரையோடு தரையாகக் கூடைபோல் முடைந்துவிடுகின்றனர். இதற்குக் ‘கூலூரா’ என்று பெயர். காய்கள் கூடையின் உட்புறத்தில் தொங்குவதால் காற்றும் வெயிலும் அவற்றை வாட்டுவதில்லை. இரவில் கடலினின்று எழும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்து வேருக்கு உதவுகிறது. பல பத்தாண்டுகள் கழிந்து கூடை முதிர்ந்து காய்ப்புக் குன்றினால், அடிமரத்தைத் தரைமட்டத்தில் வெட்டிவிடுவர். பழைய வேரிலிருந்து புதுத்தளிர் எழும். மீண்டும் முடைதல் தொடங்கும். இவ்வாறு நூற்றாண்டுகளைக் கடந்த வேர்களும் அங்கு உள்ளன.

அசிர்டிகோ என்பதே அத்தீவின் முதன்மையான வெள்ளைத் திராட்சை வகை. கடும் வெயிலில் பழுத்தாலும் புளிப்புக் குன்றாமை அதன் தனிச்சிறப்பு. ஆகஸ்டு மாதத்தில் கையாலேயே பறித்துப் பிழிந்து, தோலை நீக்கிய சாற்றை மட்டும் குளிர்ந்த கலங்களில் புளிக்க வைக்கின்றனர். 1903இல் தொடங்கப்பெற்ற ஆர்கிரோஸ் குடும்பப் பண்ணை இத்தொழிலை நான்காம் தலைமுறையாக நடத்தி வருகிறது.

ஆயினும் பழங்கொடி தரும் விளைச்சல் சொற்பம். ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் கிடைப்பதே வழக்கம். 2023, 2024ஆம் ஆண்டுகளில் வறட்சியாலும் வெப்பத்தாலும் அதுவும் வெகுவாகக் குறைந்தது. குறைந்த விளைவுக்கு உயர்ந்த விலை கிடைத்தாலன்றிக் குடும்பம் நிலைக்காது. 1971இல் சாந்தோரினி என்னும் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. வேற்றிடத்து மது அப்பெயரில் விற்பனையாக இயலாது.

சொந்தமாக ஆலை வைக்க வசதியற்ற சிறு விவசாயிகளுக்குத் துணை நிற்பது 1947இல் அமைந்த கூட்டுறவு ஒன்றியம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்ட அது திராட்சையைக் கொள்முதல் செய்து மது ஆக்குகிறது. அவர்களின் பருப்பையும் தக்காளிப் பண்டங்களையும் விற்றுத் தருகிறது. 1956ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடிழந்து பலர் தீவை விட்டே வெளியேறினர். அத்தகைய துன்பத்தைத் தாண்டியும் அந்த ஒன்றியம் நிலைத்தது.

இன்றைய ஆபத்து வேறு வகையானது. உல்லாசப் பயணிகள் திரள்வதால் நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டது. தோட்டமிருந்த இடத்தில் விடுதிகள் எழுகின்றன. குனிந்த முதுகோடு குளிர்காற்றில் கொடி முடைவதைவிட விடுதி வேலை இளைஞருக்கு எளிது. திராட்சையின் விலை சில ஆண்டுகளில் பன்மடங்கு உயர்ந்தும் தோட்டப்பரப்பு சுருங்குவது நிற்கவில்லை. விலை மட்டும் பயிரைக் காவாது என்பது இதனால் விளங்கும்.

இடிந்த ஆலையை ஓராண்டில் மீண்டும் கட்டலாம். இருநூறு ஆண்டு வேரைப் பிடுங்கியபின் எந்தக் கடனுதவியாலும் அதைத் திரும்பப் பெற இயலாது. முடையும் கையும் அத்தகையதே. ஒரு தலைமுறை கற்காது விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிராது. ஆகவே கொள்முதலும் விற்பனையும் செய்வதோடு ஒரு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. தொழிலறிந்த மூத்தோரிடம் இளைஞரைக் கொண்டு சேர்ப்பதும் அதன் அலுவலே. தறியானாலும் தோட்டமானாலும் இது பொருந்தும்.