மாடி ஏறிய பூட்டு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1983-இல் 'அதீனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்களின் படிப்பில் கணினியைக் கலக்க வேண்டும் என்பது நோக்கம். கணினிகளைத் தந்தவை டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐ.பி.எம். என்ற இரண்டு நிறுவனங்கள். சிக்கல் அங்கேயே முளைத்தது. திரையில் சாளரம் வரைய அன்று ஆளுக்கொரு வழி இருந்தது. ஒரு நிறுவனத்தின் வழியில் நிரல்களை எழுதிக் குவித்தவர், அடுத்த கணினியையும் அதே நிறுவனத்திடம்தான் வாங்கியாக வேண்டும். அதுதான் பூட்டு.

இதற்கு விடையாக 1984-இல் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கியது எக்ஸ் சாளர முறைமை. அதில் நிரல் ஓரிடத்தில் ஓடும்; திரை வேறிடத்தில் இருக்கலாம். 'இங்கே கோடு போடு, அங்கே இந்த எழுத்தை வை' என்று நிரல் கேட்கும். திரைப் பக்கத்து சர்வர் வரையும். விசை தட்டினாலோ மவுஸ் நகர்ந்தாலோ நிரலுக்குச் சொல்லும். இந்தப் பேச்சுக்கான விதிகள் பொதுவாக இருந்தால் போதும். கணினியைச் செய்தவர் யார் என்ற கேள்வியே எழாது.

போட்டிக்கு வந்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸின் 'நியூஸ்'. பின்னாளில் ஜாவா மொழியைப் படைத்த ஜேம்ஸ் காஸ்லிங்கும் டேவிட் ரோசென்தாலும் அதை உருவாக்கினார்கள். அச்சுப்பொறிகளுக்காகப் பிறந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை அவர்கள் திரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அது உள்ளே அமுங்கியதுபோல் காட்டுவதற்குக்கூட எக்ஸில் செய்தி நிரல்வரை போய்த் திரும்ப வேண்டும். நியூஸில் அந்த வேலைக்கான சிறு போஸ்ட்ஸ்கிரிப்ட் துண்டை நிரல் முன்கூட்டியே சர்வருக்கு அனுப்பிவைக்கும். வலையமைப்பு மந்தமாக இருந்தாலும் பொத்தான் உடனே அசையும். என் மதிப்பில் எக்ஸைவிட அழகான சிந்தனை இது. தோற்றது இதுதான்.

காரணம், சாவி சன்னின் கையில் இருந்தது. போட்டி நிறுவனத்திடம் உரிமம் வாங்கித் தன் கணினியின் முகத்தை அமைக்க யார் துணிவார்கள்? எக்ஸின் மூல நிரலையோ எம்.ஐ.டி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்தது. 1987 செப்டம்பரில் அதன் எக்ஸ்11 பதிப்பு வெளிவந்தது. மற்ற நிறுவனங்கள் அதன் பக்கம் திரண்டன. கடைசியில் சன்னே இரண்டையும் ஒரே சர்வரில் இணைத்து, 1990களின் முற்பகுதியில் நியூஸைக் கைவிட்டது.

ஆனால் பூட்டு உடையவில்லை, ஒரு மாடி மேலே ஏறிக்கொண்டது. பொத்தானும் மெனுவும் எப்படி இருக்க வேண்டும் என்று எக்ஸ் சொல்லவில்லை. வரையும் வசதியைத் தருவோம், தோற்றத்தை விதிக்க மாட்டோம் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அந்த வெற்றிடத்தில் அடுத்த சண்டை மூண்டது. ஏ.டி.&டி.யும் சன்னும் 'ஓப்பன் லுக்' என்றன, ஐ.பி.எம்., எச்.பி., டிஜிட்டல் அணி 'மோட்டிஃப்' என்றது. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றதற்கு மாற்ற வேண்டுமானால் முகப்பையே திரும்ப எழுத வேண்டும். மோட்டிஃப் உரிமத்துக்குப் பணமும் கட்ட வேண்டும். இவர்கள் மல்லுக்கு நிற்கையில், 1990-இல் விண்டோஸ் 3.0 வந்தது. இந்த யூனிக்ஸ் நிறுவனங்கள் 1993-இல் மோட்டிஃபை ஏற்றுச் சமாதானமானபோது, வீட்டு மேசையும் அலுவலக மேசையும் மைக்ரோசாஃப்டின் வசம் போய்க்கொண்டிருந்தன.

இப்போது எக்ஸின் இடத்தைப் பிடித்துவரும் வேலேண்ட் என்ற விதித்தொகுப்பை 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கினார். பழைய எக்ஸ் நிரல்கள் கைவிடப்படவில்லை; எக்ஸ்வேலேண்ட் என்ற இடைப்பாலத்தின் வழியாக அவை இன்றும் ஓடுகின்றன. இந்த அக்கறையைப் பாராட்டியே ஆக வேண்டும். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனாலும் வேலேண்டின் அடிப்படை விதிகள் மிகச் சிறியவை. மீதியை நீட்சிகள் நிரப்புகின்றன. எந்த நீட்சியை ஏற்பது என்பது ஒவ்வொரு மேசைச் சூழலின் விருப்பம். திரையின் ஓரத்தில் பட்டை ஒன்றை நிறுத்திவைக்கும் 'லேயர் ஷெல்' நீட்சியை கே.டி.ஈ. ஏற்றிருக்கிறது, ஸ்வே ஏற்றிருக்கிறது, க்னோம் ஏற்கவில்லை. அதை நம்பி ஒரு பட்டையை எழுதியவர், க்னோம் பயனாளிக்காக அதை வேறு வழியில் மறுபடி எழுதத்தான் வேண்டியிருக்கிறது.