திரும்பி வராத யோயோவும் திரும்பி வராத வாடிக்கையாளரும்



2013ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காகக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போய் விளையாட்டுச் சாமான்கள் எடுத்து வந்தேன். கார், பொம்மை, பந்து என்று வழமையான சாமான்களோடு இரண்டு வகை யோயோவும் அதில் இருந்தன. ஒன்று, சுற்றும்போது லைட் எரியும் பிளாஸ்டிக் யோயோ. அதை 100 ரூபாவுக்கு விற்றேன். மற்றது அலுமினியத்தால் செய்தது. கையில் எடுத்தால் பாரமாக, வழவழப்பாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. அதில் 6 மட்டும் எடுத்து, விலை 1,200 ரூபா போட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தேன்.

பெருநாள் அன்று பின்னேரம் 13 வயது மதிக்கத்தக்க ஒரு பையன் வந்தான். தனக்குக் கிடைத்த பெருநாள் காசு முழுவதையும் மேசையில் எண்ணி வைத்து அலுமினிய யோயோ ஒன்றை வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றான்.

“மாமா, இது மேலே ஏறுதில்ல. கீழே போய்ச் சுத்திக்கொண்டே நிக்கிது” என்றான்.

நானும் போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை. பையன் எதையோ கழற்றிப் பழுதாக்கிவிட்டான் என்று நினைத்தேன். என் தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினேன். “விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது.” அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அதன்பிறகு அவனும் வரவில்லை, அவன் வீட்டாரும் வரவில்லை. அவனுடைய வாப்பாவைப் பள்ளிவாசலில் காணும்போது சலாம் சொல்வார். ஆனால் மாதாமாதம் எங்கள் கடையில் சாமான் எடுத்தவர் அடுத்த கடைக்குப் போகத் தொடங்கினார்.

மீதி 5 யோயோக்களும் விலைப்படாமல் அலுமாரியிலேயே கிடந்தன. சில வருடங்களுக்குப் பிறகு கட்டாரில் வேலை செய்யும் என் மருமகன் விடுமுறையில் வந்தபோது அவற்றைக் கண்டு ஆச்சரியப்பட்டான். அவனுக்கு இதுதான் பொழுதுபோக்காம். 20க்கும் மேற்பட்ட யோயோ வைத்திருக்கிறான். அன்று இரவு அவன் எனக்குச் சொல்லித் தந்த விடயங்கள், 30 வருடம் கடையில் இருந்தும் நான் படிக்காதவை. அவற்றைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பழுதல்ல, வேறு வகை

யோயோ என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. இரண்டு பாதிகள், நடுவில் ஓர் அச்சு, அச்சில் சுற்றிய நூல். இதுதான் அமைப்பு. பழைய மர யோயோவில் நூல் நேராக அச்சிலேயே உராயும். இன்றைய நல்ல யோயோக்களில் அச்சின் மேல் ஒரு சிறிய பேரிங் இருக்கும். நூல் பேரிங்கில் நிற்க, உடல் மட்டும் வேகமாகச் சுற்றும்.

பழகுபவருக்கான யோயோவில் இரண்டு பாதிகளுக்கும் இடையிலான இடைவெளி ஒடுக்கமாக இருக்கும். நூலைச் சற்று இழுத்தால் அது உள்ளே இருக்கும் ரப்பர் அல்லது சிலிக்கன் வளையத்தில் பிடித்து, யோயோ தானாக மேலே ஏறும். போட்டிக்காரர்களுக்கான யோயோவில் இடைவெளி அகலம். நூலில் பல வித்தைகள் செய்ய வேண்டும் என்பதால் இலேசில் பிடிக்கக்கூடாது என்றே அப்படிச் செய்கிறார்கள். அதை மேலே கொண்டுவர, நூலை மடித்து இடைவெளிக்குள் கொடுத்துப் பிடிக்க வைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். அது தெரியாதவர் எவ்வளவு இழுத்தாலும் ஏறாது.

நான் அந்தப் பையனுக்கு விற்றது இரண்டாவது வகை. சாமானில் பழுது இல்லை. பையனிலும் பிழை இல்லை. என்ன விற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பிழை. “உனக்கு ஏற்கனவே விளையாடத் தெரியுமா மகன்?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஏன் வாங்குகிறார்கள், ஏன் சேர்க்கிறார்கள்?

ஒருவருக்கு ஒரு யோயோ போதாதா என்று மருமகனிடம் கேட்டேன். “மாமா, உங்கட கடையில கத்தி எத்தனை வகை வைச்சிருக்கீங்க?” என்று திருப்பிக் கேட்டான். உலகப் போட்டிகளில் பல பிரிவுகள் உண்டு. ஒற்றை யோயோவில் நூல் வித்தை ஒரு பிரிவு. இரண்டு கையிலும் இரண்டைச் சுழற்றுவது இன்னொன்று. நூலோடு பிணைக்காமல் ஆகாயத்தில் எறிந்து பிடிப்பது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் வடிவம், பாரம், இடைவெளி எல்லாம் மாறும். ஆகவே விளையாட்டில் முன்னேற முன்னேற வேறு வேறு தேவைப்படுகிறது.

அடுத்த காரணம் ஞாபகம். சிறு வயதில் கையில் இருந்து தொலைந்ததை, அல்லது வாப்பா வாங்கித் தராததை, உழைக்கத் தொடங்கிய பிறகு தேடி வாங்குகிறார்கள். நாங்கள் விளையாடிய மரப் பம்பரம் இன்று எங்காவது கண்ணில் பட்டால் நானும் விலை கேட்பேன். மூன்றாவது, வேலைப்பாடு. துல்லியமாகக் கடைந்த உலோகம் கையில் நடுக்கமில்லாமல் சுற்றுவதை உணர்வதே அவர்களுக்கு ஓர் இன்பம். நான்காவது, அரிது என்ற ஆசை. ஒரே யோயோவைப் புதிய நிறத்தில் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டால், முந்தினவருக்கே கிடைக்கும் என்று ஓடி வாங்குகிறார்கள்.

மாற்றியமைக்கும் மோகம்

வாங்கியதை அப்படியே வைத்திருக்காமல் கழற்றி மாற்றுவது இன்னொரு கலை. இதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பல் வைத்தியரான டொம் குன். 1978இல் அவர் கழற்றிப் பூட்டக்கூடிய மர யோயோ ஒன்றை வெளியிட்டார். அச்சைப் புதிதாகப் போடலாம், பாதிகளைத் திருப்பிப் பூட்டி வடிவத்தை மாற்றலாம். 1990இல் பேரிங் பூட்டிய அலுமினிய யோயோவையும் கொண்டுவந்தார்.

இன்று ஆர்வலர்கள் பேரிங்கைக் கழற்றிக் கழுவி எண்ணெய் மாற்றுகிறார்கள். வளையத்துக்குப் பதிலாகத் திரவ சிலிக்கன் ஊற்றுகிறார்கள். ஓரத்தில் பாரம் சேர்க்கிறார்கள். மேற்பரப்பை அரத்தாள் போட்டு மங்கலாக்குகிறார்கள். விரல் உரசும்போது சுற்று வேகம் குறையாமல் இருக்க அப்படிச் செய்வதாம்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். வாவியில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மீன் பிடிக்க நான்கு ரீல் வைத்திருப்பார்கள், நான்கின் பேரிங்கையும் கழற்றிப் பூட்டியிருப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சரும் ஹேண்டிலும் மாற்றும் நம் பிள்ளைகளும் அதே சாதிதான். சாமான் வேறு, மனம் ஒன்று.

எதை வாங்கி வருந்துகிறார்கள்?

“இந்த 20இல் பாதி வாங்காமல் விட்டிருக்கலாம்” என்று மருமகனே ஒப்புக்கொண்டான். அவன் சொன்னவற்றை ஒழுங்குபடுத்தினால் இப்படி வருகிறது.

முதலாவது, தகுதிக்கு முந்திய கொள்வனவு. பழகும்போதே போட்டிக்காரரின் யோயோவை வாங்கி, அது ஏறாமல் மனம் வெறுத்து மூலையில் போடுவது. அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். விலை கூடியது நல்லது என்ற எண்ணம் இங்கே பிழைத்துப்போகிறது.

இரண்டாவது, நிறத்துக்காக வாங்கியது. ஒரே குணமுள்ள ஐந்து யோயோ பெட்டிக்குள் கிடக்கும். கைக்கு வருவது ஒன்றுதான்.

மூன்றாவது, மலிவான போலி. வெளித்தோற்றம் அச்சு அசல். ஆனால் இரண்டு பாதிகளின் பாரமும் சமமில்லாமல் சுற்றும்போது நடுங்கும்.

நான்காவது, மாற்றப்போய்க் கெடுத்தது. அச்சை அளவுக்கு மீறி இறுக்கி மரை தேய்ந்துபோவது, பழைய மர யோயோவின் அசல் வர்ணத்தைச் சுரண்டிவிடுவது. சேகரிப்பாளர் பழைய சாமானில் விலை கொடுப்பதே அந்த அசல் நிலைக்குத்தான். சுரண்டிய பிறகு அது வெறும் மரத்துண்டு.

ஐந்தாவது, விற்றதற்கு வருந்துவது. பணமுடை வந்தபோது தனக்கு மிகவும் பிடித்ததை விற்றுவிட்டு, பிறகு அதையே கூடிய விலைக்குத் தேடி அலைவது.

வியாபாரியின் வருத்தம்

வாடிக்கையாளர் வருந்தினால் ஒரு சாமானோடு போய்விடும். வியாபாரி பிழையாகக் கொள்வனவு செய்தால் கடையே போகும். யோயோவின் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் இருந்து அமெரிக்கா சென்ற பெட்ரோ புளோரஸ் என்பவர் 1928இல் கலிபோர்னியாவில் யோயோத் தொழிலைத் தொடங்கினார். அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்ல. சுமார் 2,500 வருடங்களுக்கு முந்திய கிரேக்கச் சாடி ஒன்றிலேயே யோயோ போன்ற ஒன்றோடு விளையாடும் பையனின் சித்திரம் இருக்கிறது. ஆனால் நூலை அச்சில் முடியாமல் வளையமாகப் போடும் பிலிப்பைன்ஸ் முறையையும், கடை வாசலில் ஆட்களைக் கொண்டு செய்து காட்டி விற்கும் முறையையும் அவர் பரப்பினார். பின்னர் டங்கன் என்ற தொழிலதிபர் அதை விலைக்கு வாங்கிப் பெரிதாக்கினார்.

1962ஆம் ஆண்டில் மட்டும் டங்கன் கம்பனி 45 மில்லியன் யோயோ விற்றதாகச் சொல்லப்படுகிறது. தேவை கூடக்கூடத் தொலைக்காட்சி விளம்பரம், உற்பத்திச் செலவு, கடன் எல்லாம் கூடின. “யோயோ” என்ற பெயருக்குத் தனியுரிமை கொண்டாட முடியாது, அது பொதுச் சொல் என்று 1965இல் நீதிமன்றம் தீர்த்தது. அதே வருடம் கம்பனி வங்குரோத்தானது. 1968இல் வேறொரு பிளாஸ்டிக் கம்பனி அந்தப் பெயரை வாங்கியது. உச்ச விற்பனைக்கும் வங்குரோத்துக்கும் இடையில் மூன்றே வருடங்கள்.

1997இல் ஜப்பானின் பண்டாய் கம்பனி மீண்டும் யோயோ அலையைக் கிளப்பியது. சில வருடங்களில் அதுவும் தணிந்தது. 2017இல் விரலில் சுற்றும் ஸ்பின்னர் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பகுதிக் கடை வாசல்களிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. சில மாதங்களில் கேட்பார் இல்லை.

அலை ஓய்ந்த பிறகும் வாங்கிக்கொண்டிருப்பவர் யார்? அந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்தான். அவர் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வருடம் முழுவதும் வருவார். யோயோவை ஒரு முறை வாங்குபவர், தேயும் நூலைப் பல முறை வாங்குவார். பேரிங், வளையம், எண்ணெய் எல்லாம் அவருக்கு வேண்டும். தூண்டில்காரருக்கு நரம்பும் முள்ளும் போல. ஆகவே புதுச் சாமான் வந்தால் நான் இப்போது மூன்று விடயம் பார்க்கிறேன். முதல் தடவை குறைவாக எடுக்கிறேன். விற்பதற்கு முன் நானே பாவித்துப் பார்க்கிறேன். உதிரிப்பாகம் கிடைக்குமா என்று மொத்த வியாபாரியிடம் கேட்கிறேன். கிடைக்காது என்றால் அந்தச் சாமான் ஒரு பெருநாளைக்குத்தான் என்று கணக்கிட்டுக்கொள்கிறேன்.

பலகையைக் கழற்றினேன்

இனி அந்தப் பலகையின் கதை. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது ஈரம் பட்டதும், அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்டதும் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்ட சம்பவம். குறையை மறைத்தவன் மட்டும்தான் குற்றவாளி என்று நான் நினைத்திருந்தேன். தெரியாமல் விற்றவனுக்கும் பொறுப்பு உண்டு என்று இந்த 1,200 ரூபாவில்தான் உணர்ந்தேன்.

வாங்கியவர் திருப்பித் தருவதற்கு நம் மார்க்கத்தில் வழிகள் உண்டு. குறை கண்டால் திருப்பித் தரும் உரிமை இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் மூன்று நாள் வரை நிபந்தனையோடு விற்கவும் இடமிருக்கிறது. குறையே இல்லாவிட்டாலும், வாங்கியவர் மனம் வருந்தி வந்தால் விரும்பி ஏற்றுக்கொள்வதற்கு “இகாலா” என்று பெயர். அப்படி ஏற்பவரின் தவறுகளை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் ஹதீஸ் இருக்கிறது. விபரங்களை உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாச் சாமானையும் திருப்பி எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். வெட்டிய துணியும் உடைத்த பால்மாப் பெட்டியும் வேறு கதை. ஆனால் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும், வந்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் ஒன்றல்ல. நான் பலகையைக் கழற்றிவிட்டேன். மூன்று நாளுக்குள், பாவிக்காத நிலையில், பில்லோடு வந்தால் மாற்றிக் கொடுக்கிறேன். ஏமாற்றுபவர்கள் ஒன்றிரண்டு பேர் வரத்தான் செய்கிறார்கள். அதனால் கடை நட்டமாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பையனின் வாப்பாவை ஒரு நாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நிறுத்தி, விடயத்தைச் சொல்லி 1,200 ரூபாவை நீட்டினேன். “அதை எப்பவோ மறந்திட்டம் காக்கா” என்று சிரித்தார். காசை வாங்கவில்லை. மறந்தவர் இத்தனை வருடம் ஏன் கடைக்கு வரவில்லை என்று நான் கேட்கவில்லை. “மகனுக்குக் குடுங்க, இது அவன்ட காசு” என்று சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் இன்னும் அடுத்த கடையில்தான் சாமான் எடுக்கிறார். அது அவர் விருப்பம். என் கணக்கில் இருந்த ஒரு பாக்கி தீர்ந்தது. உங்கள் கடை அலுமாரியிலும் இப்படி ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.