மாற்ற முடியாத நோட்டு

பணம் பத்தும் செய்யும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் முடிச்சை அவிழ்க்காமலே, ஒரு காசுகூடச் செலவழிக்காமலே, பணம் அந்தப் பத்தையும் செய்துவிடுமா? செய்துவிடும் என்று அடித்துச் சொல்கிறது, சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நாம் குடும்ப சமேதராய் வீட்டிலிருந்தபடியே பார்த்து மகிழ்ந்த ஓர் ஆங்கிலப் படம். 'பத்து லட்சம் பவுன் நோட்டு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1954-ல் பிரிட்டனில் வெளியான இப்படத்தை டைரக்ட் செய்தவர் ரொனால்ட் நீம். கதாநாயகனாகத் தோன்றுபவர் அமெரிக்க நடிகர் கிரெகரி பெக்.

கதை நடப்பது 1903-ம் வருஷத்து லண்டனில். ஹென்றி ஆடம்ஸ் என்ற அமெரிக்க வாலிபன், கையில் சல்லிக் காசின்றி, பசித்த வயிறும் கந்தல் உடுப்புமாய்த் தெருவில் திரிகிறான். அதே தெருவில் ஒரு மாளிகையில் இரண்டு பணக்காரச் சகோதரர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பத்து லட்சம் பவுனுக்கு ஒரே நோட்டாக ஒருவனிடம் கொடுத்தால், அதை மாற்றாமலே ஒரு மாதம் அவன் சுகமாக வாழ்ந்துவிடலாம் என்கிறார் ஒருவர். அது நடக்காத காரியம் என்கிறார் மற்றவர். நோட்டு ஓர் உறைக்குள் போடப்பட்டு ஹென்றியின் கைக்கு வந்து சேருகிறது. இன்னதென்று அறியாமலே உணவு விடுதியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உறையைப் பிரிக்கிறான். அந்த நோட்டுக்குச் சில்லறை கொடுக்க எவரால் முடியும்? விடுதிக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவைக்கிறார்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒரே வேடிக்கைதான். தையற்கடையில் முதலில் அவனை ஏளனமாகப் பார்த்து, மட்டமான உடுப்பு ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். நோட்டைக் கண்டதுமோ, முதலாளியே ஓடோடி வந்து அளவெடுக்கிறார். ஹோட்டலில் இவனுக்காக ஒரு கிழப் பிரபுவை அவருடைய அறைகளிலிருந்து கிளப்பிவிடுகிறார்கள். பரம்பரைப் பட்டம் ஒரு காகிதத்துக்கு வழிவிட்டு மூட்டை கட்டுகிறது! சீமாட்டிகளின் விருந்துகளுக்கு அழைப்பு வருகிறது. இவன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் பங்குகள் விலை ஏறுகின்றன. நம்மை நெடுங்காலம் ஆண்ட சாதியார், தங்கள் பட்டங்களையும் பகட்டையும் பார்த்துத் தாங்களே இப்படி விழுந்து விழுந்து சிரிப்பதை மெச்சத்தான் வேண்டும்.

இடம் இழந்த பிரபு சும்மா இருப்பாரா? பழி தீர்ப்பதற்காக நோட்டை ஒளித்துவைக்க ஏற்பாடு செய்துவிடுகிறார். நோட்டைக் காணோம் என்ற வதந்தி பரவியதும் பங்குகள் சரிகின்றன. நேற்று வளைந்து கும்பிட்டவர்களெல்லாம் இன்று பில்லும் கையுமாக ஹோட்டலை முற்றுகையிடுகிறார்கள். நோட்டு மறுபடி வெளிப்பட்ட உடனே கூச்சல் அடங்கிச் சலாம் தொடங்குகிறது.

இந்தக் கட்டத்தில் நம் இளைய குமாரி, "ஏன் அப்பா, நோட்டு இருந்தபோதும் அவர் அதைச் செலவழிக்கவில்லையே! இல்லாதபோது மட்டும் ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்டாள். பொருளாதார நூல்களைப் படித்துத் தேறியவர்களான நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நம்பிக்கை போய்விட்டதம்மா" என்றோம். "யார் மேல்? அவர் மேலா, நோட்டின் மேலா?" என்று மடக்கினாள்.

மூலக்கதையை 1893-ல் எழுதியவர் அமெரிக்க ஹாஸ்ய ஆசிரியர் மார்க் ட்வெயின். கடனின் விசித்திரத்தைப் பற்றி அவர் இவ்வாறு வேடிக்கை செய்த மறு வருஷமே, 1894-ல், அவருடைய புத்தகப் பிரசுரக் கம்பெனி முறிந்தது. அச்செழுத்துக் கோக்கும் யந்திரம் ஒன்றில் போட்ட பெரும் பணமும் பாழாயிற்று. ஏறக்குறைய அறுபது வயதில் அவர் உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்யப் புறப்பட்டார். 1896-ல் நம் இந்தியாவிலும் பல நகரங்களில் மேடை ஏறினார். கடன் கொடுத்தவர்களுக்கு 1898-க்குள் முழுத் தொகையையும் தீர்த்துவிட்டார். நோட்டின் மேல் வைக்கும் நம்பிக்கை வேறு, மனிதன் மேல் வைக்கும் நம்பிக்கை வேறு என்பதைத் தம் வாழ்க்கையிலேயே காட்டிவிட்டார் அந்தக் கிழவர். இதைச் சொன்ன பிறகுதான் நம் குமாரி திருப்தியடைந்தாள்.

ஆனால் நமக்குத்தான் திருப்தி இல்லை. அந்தத் தையற்கடைக்காரரைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது, சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவம் நம் நினைவுக்கு வந்தது. மகனைப் பள்ளியில் சேர்க்க வேண்டி, அழுக்கேறிய வேஷ்டியுடன் ஒருவர் வந்து நின்றார். சற்றுப் பொறுக்கச் சொன்னோம். அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவருக்கு நம் கையாலேயே நாற்காலி எடுத்துப் போட்டோம். முன்னவரை அழைத்தபோது மத்தியானமாகிவிட்டது. அன்றையக் கூலியை இழந்து தாழ்வாரத்தில் நின்றுகொண்டே இருந்த அந்த மனிதர், ஒரு வார்த்தை குறை சொல்லாமல் நம்மைக் கைகூப்பி வணங்கினார். காரில் வந்தவர் நமக்கு ஒரு காசு கொடுத்தாரா? இல்லை. அவர் கொடுக்கவும் மாட்டார், நாம் வாங்கவும் மாட்டோம். பின் எதற்காக அந்த நாற்காலி?

படத்தின் முடிவில் ஹென்றி நோட்டைச் சகோதரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறான். வீட்டில் எல்லோரும் சிரித்து மகிழ்ந்து தூங்கப் போனார்கள். மறுநாள் காலை நாம் பள்ளிக்குச் சற்று முன்னதாகவே சென்று, நம் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், வருகிறவர்கள் யாராயினும் உட்காருவதற்கு ஒரு பெஞ்சியை இழுத்துப் போட்டோம்.