பனிக்காலத்துப் பாட்டு மண்டபம்

முதுமை எய்தியவர்க்கு வேண்டுவன மிகச் சிலவே. உடலுக்குச் சிறிது வெம்மை. உள்ளத்திற்குச் சிறிது துணை. இவ்விரண்டையும் நாடி ஆண்டுதோறும் ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்யும் முதியோர் கூட்டம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அவர்களிடையே மூன்று வாரங்கள் தங்கி, அவர்கள் விரும்பும் பாடல்களை உடனமர்ந்து கேட்கும் வாய்ப்பு 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களுக்குக் கிட்டியது. அங்குக் கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக மின்னசோட்டா மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். கனடா நாட்டின் எல்லையை ஒட்டிய மாநிலம் அது. சனவரித் திங்களில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 டிகிரி கீழே இறங்குவது அங்குப் புதுமையன்று. மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், நாங்கள் இருவரும் சன்னலோரம் அமர்ந்து பனி பொழிவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். செபமாலை சொல்வோம், பிறகு மறுபடியும் பனியைப் பார்ப்போம்.

அண்டை வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பால்பண்ணை நடத்தி ஓய்வு பெற்றவர். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். பதினொரு குளிர்காலங்கள் அவரும் அவருடைய மனைவியும் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடிக்குச் சென்று தங்கி வந்தவர்கள். அவ்வம்மையார் முந்திய அக்டோபரில் இறைவனடி சேர்ந்தார். "இவ்வாண்டு போக வேண்டாம், அப்பா" என்று மகள் தடுத்தார். பெரியவரோ போகாமல் இருக்கவும் இயலாமல், தனியே போகவும் துணியாமல் தவித்தார். ஒருநாள் மாலை அவர் எங்கள் கதவைத் தட்டினார்.

"மூன்று நாள் பயணம். தனியே வண்டி ஓட்டிச் செல்ல என் மகள் விடமாட்டாள். நீங்கள் இருவரும் உடன் வந்தால் விடுவாள். அங்கே வெயில் உண்டு, நல்ல பாட்டும் உண்டு" என்றார்.

இவ்வாறு தொடங்கியது எங்கள் பயணம்.

வெயில் தேடும் பறவைகள்

ரியோ கிராண்டே ஆறு அமெரிக்காவையும் மெக்சிகோவையும் பிரித்துக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. அவ்வாற்றின் கடைமடைப் பகுதியை அங்குள்ளோர் 'பள்ளத்தாக்கு' என்று அழைக்கின்றனர். ஆனால் பள்ளமும் இல்லை, மலையும் இல்லை. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்த சமவெளியே அது. சிவந்த சதையுடைய கிரேப்ஃபுரூட் எனும் பெரிய நாரத்தை இனக் கனிக்கு அம்மண் பெயர் பெற்றது. மக்களில் மிகப் பெரும்பான்மையோர் மெக்சிகோ வழி வந்தவர்கள், கத்தோலிக்கர்கள். தெருவில் ஆங்கிலத்தைவிட ஸ்பானிய மொழியே மிகுதியாகக் காதில் விழும். சனவரியிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை எட்டும்.

குளிர் தொடங்கியதும் மின்னசோட்டா, அயோவா, விஸ்கான்சின் முதலிய வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் முதியோர் இங்கு வந்து இறங்குகின்றனர். பிற இடங்களில் இத்தகையோரைப் 'பனிப்பறவைகள்' என்பர். இவ்வூர் மக்களோ சற்று மரியாதையுடன் 'குளிர்கால டெக்சாஸ்காரர்' என்று பெயர் சூட்டியுள்ளனர். மெக்ஆலன், மிஷன், வெஸ்லாகோ, ஹார்லிஞ்சன் ஆகிய ஊர்களில் இவர்களுக்கெனவே குடியிருப்புகள் அமைந்துள்ளன. வீட்டையே வண்டியாக்கி ஓட்டிவருவோர் பலர். அங்கேயே சிறு வீடு ஒன்றை வாங்கிப் பூட்டிவைத்து, ஆண்டுதோறும் வந்து திறப்போர் வேறு பலர்.

ஒவ்வொரு குடியிருப்பின் நடுவிலும் ஒரு பொது மண்டபம் உண்டு. காலையில் காப்பி, பிற்பகலில் சீட்டாட்டம், ஆளுக்கொரு பண்டம் சமைத்துக் கொணரும் கூட்டு விருந்து, வாரத்தில் ஒரு மாலை இசை என்று அம்மண்டபம் ஓய்வதில்லை.

நாங்கள் சென்ற முதல் நாளன்று மூதாட்டி ஒருவர் எங்களிடம் கூறினார்: "நவம்பரில் இங்கு வந்து சேர்ந்ததும், யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. யார் வரவில்லை என்றுதான் பார்ப்போம்." அதைச் சிரித்துக்கொண்டே கூறினார். ஆயினும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தொற்றுநோய் பரவிய 2020-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கனடாவின் தரைவழி எல்லை மூடப்பட்டிருந்தது. மண்டபத்தில் பாட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. அதற்குப் பிறகு திரும்பி வராதவர்கள் அதிகம் என்றும் அவர் சொன்னார்.

நான்கு குரல்கள்

இம்முதியோர் விரும்பும் இசையைத் 'தென்மாநில நற்செய்தி இசை' எனலாம். ஆங்கிலத்தில் அதனைச் 'சதர்ன் காஸ்பல்' என்பர். இஃது ஆலய வழிபாட்டு இசையன்று. அரங்கிலும் மண்டபத்திலும் மக்கள் கூடிக் கேட்பது. இதன் உயிர்நாடி நால்வர் குழு. உச்சத்தில் ஒரு குரல், பாட்டை நடத்திச் செல்லும் ஒரு குரல், இடையில் ஒரு குரல், அடியாழத்தில் ஒரு குரல் என நான்கும் ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கும்.

இவ்விசை வளர்ந்த கதை சுவையானது. தென்மாநிலச் சிற்றூர்களில் இசை பயிலாத உழவர்களும் பார்த்தவுடன் பாடத்தக்க வகையில், ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு வடிவம் தந்து பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்டனர். முக்கோணம் ஒரு சுரம்; சதுரம் ஒரு சுரம்; வட்டம் ஒரு சுரம். நாம் ச, ரி, க, ம என்று எழுத்தால் குறிப்பதை அவர்கள் வடிவத்தால் குறித்தனர். டென்னசி மாநிலத்து லாரன்ஸ்பர்க் ஊரில் ஜேம்ஸ் வான் என்பவர் இத்தகைய புத்தகங்களை வெளியிட்டு வந்தார். புத்தகங்களை விற்பதற்காக 1910-ஆம் ஆண்டில் நால்வரைத் தேர்ந்து ஊர் ஊராகப் பாட அனுப்பினார். மக்கள் புத்தகத்தை வாங்கினர். ஆனால் பாடியவர்களையே நெஞ்சில் வைத்துக்கொண்டனர். அன்று தொடங்கிய நால்வர் மரபு இன்றளவும் நிலைத்துள்ளது.

1934-இல் மிசிசிப்பி மாநிலத்தில் தோன்றிய பிளாக்வுட் சகோதரர்கள் இம்மரபில் புகழ் பெற்றோர். 1954-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் நிகழ்ந்த விமான விபத்தில் அக்குழுவினர் இருவர் மாண்டனர். அதன்பின் அக்குழு வானூர்தியைத் தவிர்த்துப் பேருந்திலேயே பயணம் செய்யலாயிற்று. நற்செய்திப் பாடகர்கள் பெரிய பேருந்தில் ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் அவர்களால் பரவியது. இக்குழுவின் பாட்டில் ஈடுபாடு மிக்கவராயிருந்தார் எல்விஸ் பிரெஸ்லி. 1958-இல் அவருடைய அன்னையின் அடக்கச் சடங்கில் பாடியவர்களும் இவர்களே.

அந்த மாலை

பாட்டு மாலை ஆறரை மணிக்கு. ஐந்தரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. மடக்கு நாற்காலிகளின்மேல் அவரவர் மெத்தைகளைப் போட்டு இடம் பிடித்திருந்தனர். நடைவண்டிகளும் ஊன்றுகோல்களும் சுவரோரம் வரிசையாக நின்றன. நுழைவுச்சீட்டு இல்லை. இடைவேளையில் ஒரு பிளாஸ்டிக் வாளி கைமாறி வரும். அதில் இயன்றதை இடலாம். அதற்கு 'அன்புக் காணிக்கை' என்று பெயர். நாங்கள் பார்த்தவரை வாளி எவரையும் வெறுமனே கடந்து செல்லவில்லை.

எங்கள் பெரியவர் மட்டும் உள்ளே வரவில்லை. காப்பிக் கோப்பையைக் கையில் ஏந்தி வாசலிலேயே நின்றார். மூன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலிகளை அவருடைய நண்பர்கள் ஒதுக்கி வைத்திருந்தனர். பதினொரு ஆண்டுகளாக அவையே அத்தம்பதியரின் இடம். பழக்கத்தால் இரண்டையும் வைத்துவிட்டார்களா, அல்லது ஒன்றை எடுக்க மனம் வரவில்லையா, அறியோம்.

நால்வரும் மேடையேறினர். வாத்திய இசை ஒலிப்பதிவிலிருந்து எழுந்தது. பியானோ மட்டும் நேரில். முதலில் விறுவிறுப்பான பாட்டு. மண்டபம் முழுவதும் கைதட்டியது. அடிக்குரல் பாடகர் பாதாளத்துக்கே இறங்குவதுபோல் ஒரு சுரத்தைத் தொட, கிழவர்கள் எல்லோரும் சிறுவர்களைப்போல் சிரித்தனர். பாட்டுக்கு இடையே வேடிக்கைப் பேச்சு. படைவீரராகப் பணியாற்றியோர் எழுந்து நிற்க ஒரு பாராட்டு. இறப்பையும் மறுவாழ்வையும் பற்றிய பாடல்களே மிகுதி. ஆயினும் அவற்றில் அழுகை இல்லை. வீட்டுக்குப் போகும் நாளைப் பேசுவதுபோல் மகிழ்ச்சியோடு பாடினர்.

இடைவேளை முடிந்தது. பெரியவர் மெல்ல நடந்து வந்து தம் நாற்காலியில் அமர்ந்தார். அடுத்த நாற்காலியைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பின்வரிசையிலிருந்த என் மனைவியை நோக்கித் திரும்பி, "அம்மா, நீங்கள் இங்கு வந்து உட்கார முடியுமா? வெறுமையாக இருந்தால் என்னால் பாட்டைக் கேட்க முடியாது" என்றார். அவள் எழுந்து சென்று அமர்ந்தாள்.

ஒரு பாட்டின் வரலாறு

அப்பொழுது விளக்குகளைத் தணித்தனர். ஆண்டவர் தம் கையைப் பிடித்து நடத்துமாறு களைத்த ஒருவர் வேண்டும் 'பிரஷியஸ் லார்ட், டேக் மை ஹேண்ட்' என்ற பாட்டைத் தொடங்கினர். இதன் வரலாற்றை வாசகர்கள் அறிதல் நன்று.

இதனை இயற்றியவர் தாமஸ் டார்சி எனும் கறுப்பினத்தவர். சார்சியா மாநிலத்தில் 1899-இல் பிறந்தவர். இளமையில் கேளிக்கை அரங்குகளில் பியானோ வாசித்தவர். பின்னர் நற்செய்தி இசைக்குத் தம்மை ஒப்படைத்தவர். 1932-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியைச் சிகாகோவில் விட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில் பாடச் சென்றிருந்தார். அங்கு ஒரு தந்தி வந்தது. மனைவி மகப்பேற்றில் இறந்துவிட்டார். அவர் வீடு திரும்பியபின் குழந்தையும் இறந்தது. இறைவன்மேல் மனம் கசந்து, இனி நற்செய்திப் பாட்டே வேண்டாம் என்னும் நிலைக்கு வந்தார். சில நாள்களுக்குப் பின் ஒரு பியானோவின்முன் அமர்ந்தபோது பிறந்ததே இப்பாட்டு. மார்ட்டின் லூதர் கிங் இதனைப் பெரிதும் விரும்பினார். 1968-இல் அவருடைய அடக்கச் சடங்கில் மகாலியா ஜாக்சன் இதனையே பாடினார்.

இங்கு ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. இப்பாட்டு பிறந்த காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மண்டபத்தில் சமமாக அமர இயலாது. பொது இடங்களில் நிறப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1964-இல்தான் வந்தது. நற்செய்தி இசையும் நிறத்தால் இரு வழிகளாகப் பிரிந்தே வளர்ந்தது. ஆனால் பாட்டு அவ்வேலியைத் தாண்டிவிட்டது. வெள்ளையர் வெளியிட்ட பாட்டுப் புத்தகங்களில் அஃது இடம் பெற்றது. 1957-இல் எல்விஸ் பிரெஸ்லியும் அதனைப் பதிவு செய்தார். பாடியவரோடு சேர்ந்து உட்கார மறுத்தவர்கள் பாட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அந்த மாலையிலும் மண்டபத்தில் இருந்தோர் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையரே. வேற்று நிறத்தவராக நாங்கள் இருவரும், சமையற்கட்டில் பாத்திரம் கழுவிய மெக்சிகோப் பெண்கள் சிலருமே இருந்தோம்.

எனினும், மனைவியை இழந்த ஒரு கறுப்பரின் கண்ணீர், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, மனைவியை இழந்த ஒரு வெள்ளையரின் காதில் விழுந்ததை நாங்கள் கண்டோம். பெரியவர் பாடவில்லை. குனிந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதி அடியில் அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன. பாட்டு முடிந்தபின் எவரும் கைதட்டவில்லை. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் திரும்பாமலே கையைப் பின்னுக்கு நீட்டி அவருடைய முழங்காலை ஒருமுறை தட்டினார். அவரும் கணவரை இழந்தவர் என்று பின்னர் அறிந்தோம்.

மறுநாள் ஞாயிறு

மறுநாள் பெரியவரே வண்டியோட்டி எங்களை அருகிலுள்ள சான் வான் நகரத்து அன்னை மரியாவின் திருத்தலத்திற்கு அழைத்துச் சென்றார். 1970-இல் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோதே ஒரு சிறு விமானம் மோதி எரிந்துபோன ஆலயம் அது. விமானியைத் தவிர எவரும் உயிரிழக்கவில்லை. அன்னையின் சுரூபமும் காப்பாற்றப்பட்டது. 1980-இல் புதிய ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. நம் பிரிந்த சகோதரராகிய அப்பெரியவர் திருப்பலி முடியும்வரை எங்களோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். வெளியே வந்ததும் மகளுக்குத் தொலைபேசியில் பேசினார். "மார்ச்சு முடியும்வரை இருந்துவிட்டு வருகிறேன். இங்கு என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்றார்.

நாங்கள் விமானத்தில் மின்னசோட்டா திரும்பினோம். சன்னலுக்கு வெளியே பனி முன்போலவே பொழிந்துகொண்டிருந்தது.

முதியோர்க்கு உணவும் மருந்தும் வேளை தவறாமல் தருகின்றோம். கடமை முடிந்தது என்று எண்ணுகின்றோம். அவர்களுக்குத் தெரிந்த பாட்டை அவர்கள் வயதினரோடு அமர்ந்து பாட ஓர் இடம் வேண்டும் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அதற்கு டெக்சாஸ் வெயில் தேவையில்லை. பாடகர் குழுவும் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது, சில நாற்காலிகள், வெறுமையான நாற்காலியைக் கண்டு அதில் போய் அமர ஒருவர். இவை இருந்தாலே போதும்.